ரவுண்டானா வரைக்கும் நம்பினேன்

மதியம் ஒன்று ஐம்பது. குக்கர் இரண்டாவது விசில் அடித்த சத்தத்தில் கைபேசி அடித்தது முதலில் காதில் விழவில்லை. எடுத்தால் ஏழுமலை. சுரங்க கேட்டில் காவல் வேலை பார்ப்பவர், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர்.

"சிஸ்டர், பதறாதீங்க. தம்பி செகண்ட் ஷிப்டுக்கு வந்துச்சு. காலு நிக்கல, பேச்சு கொளறுது. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாப்ல இருக்கு. உள்ள வுடல. ஷெட்டுல பெஞ்சு மேல படுத்துகினு கெடக்குது. நீங்க மெதுவா வந்து இட்டுகினு போங்க."

கூடவே இன்னொன்றும் சொன்னார். "குடிச்சிருக்கான்னு பாக்க ஊதச் சொன்னேன். மெஷினு இன்னிக்குன்னு பாத்து ஜீரோ காட்டுது. ரிப்பேரு போல."

சரி என்றேன். அடுப்பை அணைத்தேன். முகம் கழுவினேன், புடவை மாற்றினேன். குடித்துவிட்டுக் கிடக்கும் பிள்ளையை அழைத்து வரப் போகும் தாய், பார்ப்பவர்களுக்காகவாவது கொஞ்சம் நேராக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். அவர் மெதுவா என்று சொன்னார். நானும் மெதுவாகத்தான் கிளம்பினேன்.

இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் நர்ஸாக இருந்த வருடங்களில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில் போனது. எழுத நிறைய இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்தால் இந்த ஒரு மதியம்தான் வந்து நிற்கிறது. நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

தினேஷ் என் ஒரே மகன். இருபத்தேழு வயது. கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. இருபத்து நாலு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது, உடம்பும் கனம். குடியும் இருந்தது. ஷிப்ட் முடிந்தால் மந்தாரக்குப்பம், அங்கே ஒரு கூட்டம். கேட்டில் ஊதும் மெஷினில் இரண்டு முறை மாட்டியவன். மூன்றாவது முறை மாட்டினால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவன் அப்பா வடக்கே இன்னொரு சுரங்கத்துக்கு மாற்றலாகிப் போனவர். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில், இருப்பது நாங்கள் இருவர். இவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? சாயங்காலம் அவன் வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது, கையில் தண்ணீர் சொம்போடு பக்கத்தில் போய்க் குனிவேன். தண்ணீர் ஒரு சாக்கு. முகர்ந்து பார்க்கத்தான் போகிறேன் என்று அவனுக்கும் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு சொம்பை வாங்குவான்.

புதுச்சேரியில் ஒரு சர்க்கரை டாக்டர், எடைக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து வாரம் ஒரு முறை போடும் ஊசியைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் போடுவேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்பான். வளர்ந்த மகனை ஒரு தாய் தொடுவதற்கு வாரத்தில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது.

இரண்டாவது மாதம், சம்பள நாள். அவன் வர இரவு பத்தாகும் என்று நினைத்திருந்தேன். ஏழு மணிக்கே வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சொம்போடு போனேன். மூச்சை அடக்கவில்லை. என் முகத்துக்கு நேராகவே விட்டான்.

"என்னடா, பசங்க வரலையா?"

"வந்தாங்கம்மா. ஊத்தியும் வெச்சாங்க. ஒரு வாய் குடிச்சேன். எதுக்கு இதைக் குடிக்கிறோம்னே தெரியல. வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சாமியாருக்கு ஒரு மோர் சொல்லுங்கடான்னாங்க."

டாக்டரிடம் போனில் கேட்டேன். "சிலருக்கு அப்படி ஆகுதும்மா. சாப்பாட்டு மேல இருக்கிற ஆசையோட, குடி, சிகரெட் மேல இருக்கிறதும் குறையுதுன்னு நோயாளிங்களே வந்து சொல்றாங்க. மூளையில அந்த ஆசை கிளம்புற இடத்தையே அது தொடுது போலன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல முடியாது, ஆனது நிக்கும்னும் சொல்ல முடியாது. குடிக்கு மருந்துன்னு நினைச்சுடாதீங்க" என்றார். அதே மூச்சில், "சாப்பாடு ரொம்பக் குறைஞ்சா எனக்குச் சொல்லுங்க, மத்த மாத்திரையைக் குறைக்கணும்" என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே என் மனதில் தங்கியது.

டவுன்ஷிப்பில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும். பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயா துணி காயப்போடும் சாக்கில் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ஊசி ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கும் வாங்கித் தாங்கக்கா."

"அவருக்கு சர்க்கரை இருக்கா?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்காரு. குடிதான். ரசத்துல கலந்து குடுத்துடலாமா?"

"ஊசிம்மா அது. ரசத்துல கலக்குறதுக்கு என்ன, பெருங்காயமா?"

"அப்ப தூங்கும்போது போட்டுடுங்களேன். செத்த பொணமாத்தான் கிடப்பாரு, தெரியவா போவுது."

சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவள் கண்ணில் சிரிப்பு இல்லை. டாக்டர் பார்க்காமல், அவருக்கே தெரியாமல் போடக்கூடாது என்று சொன்னேன். கணவரை மனநல டாக்டரிடம் அழைத்துப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். "உங்க பிள்ளைக்கு மட்டும் வேணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனவள், அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. உங்களிடமும் கேட்பார்கள். சீருடையில் பார்த்தால் அதிகம் கேட்பார்கள். மறுத்தால் மனஸ்தாபம் வரும். வரட்டும், மறுத்துவிடுங்கள். ஆனால் மறுத்த பிறகும் அந்த வேலியோரம் நில்லுங்கள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

அந்த மாதங்களில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது. எங்கள் தெருவில் பாதி குவார்ட்டர்ஸ் காலி. பூட்டிய வீடுகளின் முற்றத்தில் பலாப்பழம் விழுந்து எடுக்க ஆளில்லாமல் நாறும். அந்தத் தெருவுக்கே கொஞ்சம் அதிகமான அமைதி. மந்தாரக்குப்பத்துக் கூட்டம் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. கைபேசியில் சீட்டு ஆடிக்கொண்டே இருப்பான், அதுவும் நின்றது. பின்வாசலில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்ப்பான். டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

"என்னடா யோசனை?"

"ஒண்ணுமில்லம்மா. முன்னாடியெல்லாம் சாயங்காலம் ஆனா உள்ள ஒருத்தன் கூப்டுகிட்டே இருப்பான். வா, வான்னு. இப்ப அவன் இல்ல. நல்லதுதான். ஆனா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு."

நான் அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய் புளிக்குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றான். மீதியை நான் சாப்பிட்டேன். பல நாள் அப்படித்தான். குடிக்காத பிள்ளை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், தட்டில் மிச்சமாவது எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லை. காலையில் பழைய சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

ஸ்கூட்டரில் போகும்போது எனக்கு வந்தது கோபம்தான். ஊசியும் போச்சு, வேலையும் போச்சு, இந்த மாதங்களும் போச்சு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். ரவுண்டானாவில் ஒரு டிப்பர் லாரி திரும்ப முடியாமல் நின்றது. காலை ஊன்றிக் காத்திருந்தேன். போனதும் முதல் வேலையாக அவனை முகர்ந்து பார்க்கப் போகிறேன், என்ன சரக்கு என்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஏதோ தட்டியது. ஏழுமலை கால் நிற்கவில்லை என்றார், பேச்சு குளறுகிறது என்றார். வாசனை வருகிறது என்று சொல்லவில்லையே. மெஷின் ஜீரோ என்றாரே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாராய நெடியோடு ஒரு கூலித்தொழிலாளியை கேஷுவாலிட்டியில் கொண்டுவந்து போட்டார்கள். போதை தெளியட்டும் என்று ஓரத்துக் கட்டிலுக்குத் தள்ளினேன். இரவுப் பொறுப்பில் இருந்த சீனியர் சிஸ்டர் வந்து அவன் கண்ணை விரித்து டார்ச் அடித்தார். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக இருந்தது. தலைக்குள் ரத்தக்கசிவு. ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டு வந்து, கத்தாமல் சொன்னார்: "வாசனை வந்ததும் நீ பார்க்கிறதை நிறுத்திட்ட." அதன் பிறகு குடித்து வந்த எத்தனையோ பேரை நான் அப்படி நிறுத்தாமல் பார்த்திருக்கிறேன். பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். என் மகன் விஷயத்தில் வாசனைகூடத் தேவைப்படவில்லை. அவன் பெயரே போதுமாக இருந்தது.

வண்டியை ஓரம் கட்டி ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"ஏழுமலை, அவன்கிட்ட வாசனை வருதா?"

"வாசனையா? வேர்வைதான் சிஸ்டர். சட்டையெல்லாம் தெப்பலா நனைஞ்சிகினு கெடக்குது."

அந்த வேர்வை என்ன என்று ஒரு நர்ஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"முழிச்சிருக்கானா? குடுத்தா முழுங்குறானா?"

"இப்பதான் உப்பு போட்டு மோரு ரெண்டு மொடக்கு குடிச்சாரு. தெளியட்டும்னு."

"மோர் வேண்டாம். டீக்கடையில சர்க்கரை வாங்கித் தண்ணியில கெட்டியா கரைச்சுக் குடுங்க. முழுங்கினா மட்டும் குடுங்க. பர்ஸ்ட் எய்டு வண்டியைக் கூப்பிடுங்க."

"போதைக்கு சர்க்கரையா? இன்னும் ஏறிக்காதா சிஸ்டர்?"

"அவன் குடிக்கல, ஏழுமலை."

அவர் பக்கத்தில் யாரோ "பெத்த மனசு, அப்படித்தான் சொல்லும்" என்பது கேட்டது. "குடிக்கல. சர்க்கரை இறங்கியிருக்கு. ஓடுங்க" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். குடிக்கவில்லை என்று அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நானே அதை நம்பினேன் என்று நினைக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தினேஷ் கண் மூடிக் கிடந்தான். ஏழுமலை அவன் தலையை மடியில் தாங்கி டம்ளரை உதட்டில் வைத்திருந்தார். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. "ரெண்டு வாய் உள்ள போச்சு சிஸ்டர், இப்ப முழுங்க மாட்டேங்குது" என்றார். டம்ளரைத் தட்டிவிட்டேன். முழுங்காதவன் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் பையில் கைக்குட்டையும் வீட்டுச் சாவியும்தான் இருந்தன. சர்க்கரை பார்க்கும் கருவி வீட்டில் அலமாரியில். குடிகாரனை அழைத்து வரத்தானே கிளம்பியிருந்தேன்.

சுற்றி பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வண்டியின் சைரன் கேட்கும்வரை அந்த ஷெட்டில் என்னைப்போல் தனியாக யாரும் இருந்திருக்க முடியாது.

வண்டியில் வந்த நர்ஸ் பெண் உங்களில் ஒருத்திதான். விரலில் குத்திப் பார்த்தாள். முப்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே குறைவு. நரம்பு தேடினாள், முதல் தடவை கிடைக்கவில்லை. "சிஸ்டர், நீங்க போடுங்களேன்" என்று ஊசியை என்னிடம் நீட்டினாள். என் கை தானாக நீண்டது. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இழுத்துக்கொண்டேன். "எனக்கு அவன் அம்மா வேலை இருக்கு. நீ போடு. முழங்கை மடிப்புல பெரிசா ஒண்ணு இருக்கும்" என்றேன். போட்டாள். குளுக்கோஸ் ஏறியது. உங்களுக்கு என்னால் சொல்ல முடிகிற ஒன்று இது: சொந்த ரத்தம் படுத்திருக்கும்போது, நடுங்காத கையிடம் கொடுத்துவிடுங்கள், அது எவ்வளவு புதிய கையாக இருந்தாலும்.

சில நிமிடத்தில் கண் திறந்தான். என்னைப் பார்த்தான், ஷெட்டைப் பார்த்தான்.

"கேட் மூடிட்டாங்களா?" என்றான்.

அந்தப் பழைய சர்க்கரை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும். அதனால் வார்டில் சேர்த்தார்கள். புதுச்சேரி டாக்டர் போனில் பேசினார். மாத்திரையை நிறுத்தினார். சாப்பாடு சரியாகும்வரை ஊசியையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்தியது புரிந்தது. ஊசியை நிறுத்தினால் குடி திரும்பி வந்துவிடுமே என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் யாரும் வரவில்லை. எதிர்க்கட்டிலுக்கு வந்த பெண்மணி எங்கள் பிளாக்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் போன் செய்தார். "கேட்ல போதையில விழுந்துட்டான்னு சொல்றாங்க. திங்கக்கிழமை அவனை அனுப்பாதீங்க, மேல பேசிட்டுச் சொல்றேன்" என்றார். ஜீரோ காட்டியதே என்றேன். "மெஷின் ரிப்பேர்னு செக்யூரிட்டியே சொல்லிட்டாரேம்மா" என்றார்.

கட்டிலில் படுத்தபடி அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் கேட்டான்.

"நீயும் நம்புனியாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"ரவுண்டானா வரைக்கும் நம்பினேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. "குடிக்காமயே குடிகாரன்னா, குடிச்சாத்தான் என்ன" என்று சுவரிடம் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில், பழக்கத்தில், அவனே சட்டையைத் தூக்கினான். "இன்னிக்கு இல்லடா" என்றேன். கையைக் கீழே விட்டான். அந்த வாரம் தொடுவதற்கு எனக்கு அந்த ஒரு நிமிடமும் இல்லை.

சாயங்காலம் வார்டு ஜன்னல் வழியாகச் சுரங்க மண்மேட்டுக்கு மேலே வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. ரொட்டியைப் பாலில் தொட்டு மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"லேசா கூப்பிடுற மாதிரி இருக்கும்மா" என்றான்.

போன ஊசியின் மருந்து உடம்பில் இன்னும் இருக்கும், இவ்வளவு சீக்கிரம் அப்படியெல்லாம் ஆகாது என்று நர்ஸாக எனக்குத் தெரியும். கூப்பிடுவது மருந்து குறைந்ததாலா, அல்லது யாரும் நம்பாததாலா? இருபத்தொன்பது வருட சர்வீஸில் இந்தக் கேள்விக்குப் பதில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "என்னன்னு கூப்பிடுது?" என்று மட்டும் கேட்டேன். "வான்னு" என்றான். "நானும் இங்கதான்டா இருக்கேன்" என்றேன். அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான். அன்று நான் அவனை முகர்ந்து பார்க்கவில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

பார்வையாளர் நேரம் முடிய மணி அடிக்கும் சமயத்தில் வார்டு வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். சீருடை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி. ஏழுமலை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். நான் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை.

"அந்த மெஷினை ரிப்பேருக்கு அனுப்பச் சொன்னாங்க சிஸ்டர். பொட்டியில வெக்கறதுக்கு முன்னாடி, எதுக்கும் பாப்பமேன்னு நானே ஒருவாட்டி ஊதிப் பாத்தேன்."

தினேஷ் ரொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"நேத்து ராத்திரி எங்க மச்சான் வூட்டு விசேசம். கொஞ்சம் லேட்டாவே போட்டுட்டேன். இன்னிக்குக் காலையில தெளிஞ்சுடுச்சுன்னுதான் டூட்டிக்கு வந்தேன். மெஷினு காட்டிடுச்சு. கரெக்டா காட்டிடுச்சுங்க."

எதிர்க்கட்டிலுக்கு அன்றும் வந்திருந்த பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். ஏழுமலை பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, என்னை விட்டுவிட்டு, அவனைப் பார்த்துப் பேசினார்.

"மெஷினு நல்லாத்தான் தம்பி இருக்குது. நீங்க ஊதினது ஜீரோதான். மேல ஆபீசுல போயி சொல்லிட்டேன், உங்க சூப்பர்வைசருகிட்டயும் சொல்லிட்டேன். ஒனக்கு எப்படிய்யா தெரியும்னு கேட்டாங்க. அதையும் சொல்லிட்டேன்."